ஒரு கட்டை கீழே

சின்னவள் பேஸ் கித்தார் வாசிக்க வந்தது ஆசைப்பட்டு அல்ல, ஆள் இல்லாததால். கல்லூரி இரண்டாம் ஆண்டில் அவள் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு ஆரம்பித்தார்கள். நான்கு பேரும் கித்தார்காரர்கள், நான்கு பேருக்கும் மேடையில் முன்னால்தான் நிற்க வேண்டும். பின்னால் நின்று ‘தும் தும்’ என்று பாட்டுக்கு அடித்தளம் போட ஒருவர் வேண்டுமே என்ற யோசனை வந்தபோது, ஒத்திகையை வேடிக்கை பார்க்க வந்திருந்த இவள் கண்ணில் பட்டாள். வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள். கடைக்குப் போவது, கதவைத் திறப்பது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என்று எதற்கும் ‘சின்னவளே’ என்று கூப்பிட்டால் ‘சரி’ என்று எழுந்து பழகியவள். இதற்கும் சரி என்றாள்.

கையில் வாங்கிய பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. நான்கே கம்பி, ஒவ்வொன்றும் துணி காயப்போடும் கயிற்றின் தடிமன். ஒரு வாரத்தில் விரல் நுனியெல்லாம் கொப்புளம். இரண்டாவது வாரம் தாழ்ந்த சுரம் ஒன்றை அழுத்தி மீட்டியபோது, உட்கார்ந்திருந்த மர நாற்காலி அதிர்ந்து, அந்த அதிர்வு முதுகெலும்பு வழியாக மேலே ஏறியது. அன்றைக்கு விழுந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் குழுவின் பெயர் ‘ஈரச் செருப்பு’. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஐந்து பேரும் ஐந்து காரணம் சொல்வார்கள். சினிமாப் பாட்டுத் தொடுவதில்லை, சொந்தப் பாட்டுதான் என்பது கொள்கை. மொத்தம் ஆறு சொந்தப் பாட்டு, அதில் நான்குக்கு ஒரே மெட்டு. இரண்டு ஆண்டில் குழு கலைந்தது. அடுத்தது ‘அவசர வழி’. அதில் கொஞ்சம் தேறினார்கள். காபிக் கடை மூலையில், புத்தகக் கடை மாடியில், யாரோ ஒருவருடைய கார் நிறுத்துமிடத்தில் எல்லாம் வாசித்தார்கள். பல நாள் எதிரே இருந்த கூட்டத்தைவிட மேடையில் ஆள் அதிகம். அதுவும் மூன்று ஆண்டில் கலைந்தது, பாடகனுக்கும் டிரம்ஸ்காரனுக்கும் யார் சத்தம் பெரிது என்ற தகராறில். பேஸ் வாசிப்பவரால் கலைந்த குழு என்று எங்கேயும் கிடையாது. அவர் கோபித்துக்கொண்டு போனால்கூட மற்றவர்களுக்கு அடுத்த வாரம்தான் தெரியும்.

பிழைப்புக்கு அவள் ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்திருந்தாள். பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி. அவள் கையில் பிசகே வராது என்று முதலாளி ஊரெல்லாம் சொல்வார், அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

அவளிடம் யாரும் சொல்லாதது இன்னொன்றும் உண்டு. அந்தக் குழுக்களின் பாட்டுகளில் பாதிக்கு மெட்டு அவளுடையது. ஒத்திகையில் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து மெதுவாக ஒன்றை வாசித்துக் காட்டுவாள். ‘ஆங், இதுதான், இதுதான்’ என்று பிடித்துக்கொள்வார்கள். பத்து நிமிடத்தில் அது அவரவர் யோசனையாகிவிடும். சுவரொட்டியில் பாடகன் பெயர் பெரிதாக, கித்தார்காரன் பெயர் நடுத்தரமாக, கடைசியில் ‘மற்றும் குழுவினர்’ என்று வரும். அந்த ‘மற்றும்’தான் சின்னவள். அவளுக்கு அது உறுத்தத்தான் செய்தது. ‘இசை’ என்று போட்டு, பக்கத்தில் தன் பெயர் மட்டும் தனியாக நிற்பதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

மூன்றாவது குழு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகி அத்தான் வந்தார். அத்தானுக்கு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. நாளெல்லாம் பயந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஒண்ணும் ஆகாது, விடுங்க, விடுங்க’ என்று சொல்லிச் சொல்லி, குரல் ஆளைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. பாடுவார். நன்றாகவே பாடுவார். மைத்துனி குழுவில் வாசிப்பவள் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆறே மாதத்தில் ‘முழு வேகம்’ என்று ஒரு குழு எழுந்தது. கித்தாருக்கு ‘நெட்டை’ என்று எல்லோரும் கூப்பிட்ட உயரமான ஒருவன், கீபோர்டுக்கு ஒரு கணக்கு வாத்தியார், டிரம்ஸுக்கு மருந்துக் கடைக்காரர், பேஸுக்குச் சின்னவள், பாட்டுக்கு அத்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஒத்திகையிலும் அத்தான் அப்படி ஒன்று இருப்பதாகவே நடந்துகொள்வார். யாராவது கொஞ்சம் வேகம் எடுத்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

இரண்டாவது நிகழ்ச்சியிலேயே அது நடந்தது. முதல் பாட்டின் உச்சியில் ஓர் இடம், அத்தான் கண்ணை மூடி, கையை விரித்து ஏறுகிற இடம். ஏறினார், குரல் ‘க்ரீச்’ என்று உடைந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை சிரித்தது. அத்தான் வாட்டர் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்துச் சமாளித்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் அடுத்த மூன்று நாள் குளியலறையில்கூடப் பாடவில்லை. கப்பல் கவிழ்ந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, நமக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை என்று அக்காவிடம் கேட்டார்.

சின்னவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கணக்கு வாத்தியாரை அழைத்துப் பேசினாள். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு கட்டை இறக்கிவிட்டால் அந்த உச்சி அத்தானுக்கு எட்டும். ஆனால் ‘உங்களுக்கு எட்டவில்லை, அதனால் இறக்குகிறோம்’ என்று அவரிடம் யார் சொல்வது? யாரும் சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று. நெட்டை தன் கம்பிகளை ஒரு கட்டை தளர்த்தினான், சின்னவளும் தளர்த்தினாள், வாத்தியார் கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தானை ஒரு கட்டை கீழே அமுக்கி, எப்போது போட்டாலும் அப்படியே வருகிற மாதிரி செய்து, கை தவறிப் படாமலிருக்க அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். டிரம்ஸுக்குக் கட்டை கிடையாது. மருந்துக் கடைக்காரர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அடுத்த நிகழ்ச்சியில் அத்தான் கண்ணை மூடினார், கையை விரித்தார், ஏறினார், அங்கேயே நின்று ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கினார். கைதட்டல். அந்த வாரம் அவர் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர் குடிக்க ஆரம்பித்திருந்தார். குரல் திரும்பியதற்கு வெந்நீர்தான் காரணம் என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். அதிலிருந்து டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்கள் கியர் கற்றுக்கொண்டார்களோ இல்லையோ, வெந்நீரின் மகிமையைக் கற்றுக்கொண்டு போனார்கள். ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்தில் வேறு யாருடைய வாத்தியங்களோடோ பாடிக் குரல் உடைந்தது. அன்றைக்கு மைக் சரியில்லை என்று சொல்லி மைக் செட்காரரை ஒரு பிடி பிடித்தார். குழுவினர் நால்வரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

‘முழு வேகம்’ எட்டு ஆண்டு ஓடியது. சண்டையில்லாமல் முடிந்த ஒரே குழு அதுதான். நெட்டைக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்தது, வாத்தியாருக்கு இடமாற்றம் வந்தது, மருந்துக் கடைக்காரருக்கு முதுகுவலி. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடக்கவில்லை, நான்காவது ஞாயிறு யாரும் கேட்கவுமில்லை. வாத்தியார் போகும்போது கீபோர்டைச் சின்னவள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார், புது வீட்டில் இடமில்லை என்று.

சின்னவள் அப்போது கடைக்கு மேலேயே ஓர் அறையும் சமையலறையுமாகக் குடியிருந்தாள். குழு இல்லாத முதல் சில ஞாயிறுகள் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தன. பிறகு கீபோர்டை ஜன்னலோரம் போட்டு, பேஸை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் ஒரு சங்கடம் இருந்தது. ஏதாவது நன்றாக வந்துவிட்டால் உடனே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். ‘இதுதான், இதுதான்’ என்று பிடித்துக்கொள்ள யாருமில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது: யாரும் பிடித்துக்கொண்டு போகவும் மாட்டார்கள். அந்த நினைப்பு வந்த அன்று அவள் ஒரே மூச்சில் ஒரு மெட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை போட்டாள், எழுந்து நின்று தனக்குத்தானே கைதட்டினாள். கீழே முதலாளி என்ன சத்தம் என்று கேட்டார்.

முதல் வேலை நீச்சல் குளத்திலிருந்து வந்தது. எட்டுப் பெண்கள் தண்ணீருக்குள் சேர்ந்து ஆடுகிற போட்டி, அதற்கு மூன்று நிமிட இசை. கண்ணாடி வாங்க வந்த அவர்களுடைய பயிற்சியாளர் பேச்சுவாக்கில் சொல்ல, சின்னவள் பேச்சுவாக்கில் சரி என்றாள். எல்லாவற்றையும் தானே வாசித்துப் பதிவு செய்து கொடுத்தாள். அந்தப் பெண்கள் ஆறாவதாக வந்தார்கள், ஆனால் இசையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. அப்புறம் ஒரு பள்ளி நாடகம், ஒரு பொம்மைப் படம். எல்லாம் அவளே வாசித்து, அவளே பதிவு செய்து கொடுத்தவை.

பெரிய வாய்ப்பு பல் டாக்டர் உருவில் வந்தது. அந்த அம்மாள் பல்லைப் பெரிதாக்கிப் பார்க்கும் கண்ணாடிக்கு லென்ஸ் மாற்ற வந்தவர். பின்னறையில் சின்னவள் வேலை செய்துகொண்டே தன் மெட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இது யாருடையது என்று டாக்டர் கேட்டார். என்னுடையது என்று சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பல் டாக்டர் வார நாளில் பல் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வாத்தியக் குழுவை நடத்துவார். வயலின், செல்லோ, புல்லாங்குழல் எல்லாம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பெரிய அரங்கில் கச்சேரி, அதில் இந்த ஊர்க்காரர் ஒருவருடைய புதுப் படைப்பு ஒன்று கட்டாயம். ஆறு நிமிடத்துக்கு எழுதிக் கொடுங்கள், உங்கள் பேஸும் சேர்ந்து வாசிக்கட்டும் என்றார். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், எதிரில் இருப்பவர் பதில் பேசுவதை எதிர்பார்ப்பதில்லை. கச்சேரிக்கு அச்சடிக்கும் நிகழ்ச்சித் தாளில் ‘இசை’ என்று உங்கள் பெயர் போடுவோம் என்று மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

பதினெட்டுப் பேருக்கு எழுத வேண்டுமென்றால் ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதும் இசைக்குறிப்பு தெரிய வேண்டும். சின்னவள் நூலகத்தில் புத்தகம் எடுத்து எட்டு மாதம் கற்றுக்கொண்டாள். மேசையில் தாளைப் பரப்பி, கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பார்ப்பாள், அது எந்தக் கட்டையோ அதற்கான புள்ளியைத் தாளில் வைப்பாள். பேஸில் வாசித்துப் பார்ப்பாள், கச்சிதமாகச் சேரும். அறுபது பக்கம், ஒரு கறைகூட இல்லாமல், லென்ஸ் பொருத்துகிற அதே கவனத்தோடு எழுதினாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? அந்த அறையிலிருந்த கீபோர்டும் ஒரு கட்டை கீழே, பேஸும் ஒரு கட்டை கீழே, அவள் காதும் ஒரு கட்டை கீழே. டேப்புக்கு அடியில் ஒரு பொத்தான் இருப்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. அத்தானுக்குத் தெரியாமல் காத்த ரகசியத்தைக் காத்துக் காத்து, கடைசியில் தனக்கே தெரியாமல் காத்துவிட்டாள்.

ஒத்திகை ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு. அத்தான் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அவளையும் ஒலிபெருக்கிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார். அதற்கு முந்தின வாரம், நான் பாடுகிற மாதிரி ஒரு இடம் ஏதாவது இருக்கா என்று விளையாட்டாகக் கேட்டிருந்தார். இல்லை அத்தான், இதில் பாட்டே கிடையாது என்று அவள் சொன்னபோது, நல்லதுதான், வாத்தியத்தை ஜனங்க ஒழுங்கா கேக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் முகம் ஒரு நொடி வாடியதை அவள் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் மனுஷன் வரும் வழியெல்லாம் அவளைவிட அதிகம் பதறினார். பிளாஸ்கில் வெந்நீர் வேறு.

அந்தக் குழுவில் புதுப் படைப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் முறை எது நடந்தாலும் நிறுத்தாமல் முடிவுவரை வாசிப்பார்கள். பிறகு கச்சேரியில் வைக்கலாமா வேண்டாமா என்று அவரவர் கையைத் தூக்கிச் சொல்வார்கள். பாதிப் பேருக்கு மேல் தூக்காவிட்டால் பழைய பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள், அந்தத் தாளில் வேறு பெயர் வரும். இதைப் பல் டாக்டர் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

பதினெட்டுப் பேரும் சுருதி சேர்த்தார்கள். சின்னவள் தன் பெட்டியின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். பெரிய மனுஷர்கள் மத்தியில் நாம் எதற்குத் ‘தும் தும்’ என்று தொந்தரவு செய்ய வேண்டும், நாம்தான் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு வந்துவிட்டோமே என்று நினைப்பு.

வயலின்கள் தொடங்கின. முதல் நாற்பது நொடி வயலின்கள் மட்டும்தான். தன் அறையில் தட்டிப் பார்த்தது வயலின்காரர்கள் கையில் உயிரோடு எழுந்து வருவதைக் கேட்டு அவள் மடியிலிருந்த பேஸை அணைத்துக்கொண்டாள். நினைத்ததைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது, நிஜ வயலின் அப்படித்தான் இருக்கும்போல என்று எண்ணிக்கொண்டாள். தன் இடம் வந்தது. ஒலியைக் கூட்டி, தடிமனான கம்பியை மீட்டினாள்.

இரண்டு பஸ் ஒன்றோடொன்று உரசிய சத்தம் வந்தது. யாரோ தப்பாக வாசிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். நான்காவது மீட்டலில் புரிந்துவிட்டது. உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்து அமுக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வழக்கப்படி அவர்கள் நிறுத்தவில்லை. அடித்தளம் இல்லாத வீடு ஒன்றை ஐந்து நிமிடம் கட்டி முடித்தார்கள்.

முதல் வயலின்காரர் நில அளவை அலுவலகத்தில் சர்வேயர். அளவு தப்பினால் அவருக்குத் தூக்கம் வராது. அவர்தான் கேட்டார். தாளில் எழுதியிருப்பது ஒன்று, நீங்கள் வாசிப்பது வேறொன்று, இரண்டில் எது சரி என்றார். சின்னவள் தாளைப் புரட்டினாள். அவர் விடவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க. இதை எழுதினது நீங்கதானா?”

எட்டு மாதம், அறுபது பக்கம். அதற்கு முன்னால் பதிமூன்று ஆண்டு ‘மற்றும்’. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த வாக்கியத்துக்கு உரியவர் கடைசி வரிசையில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் சுருதி சேர்க்கும்போது அசந்துவிட்டேன், கம்பியும் பழசு என்று பூசி மெழுகினாள். சர்வேயர் எழுந்து வந்து நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நாலும் அளவெடுத்த மாதிரி ஒரே ஒரு கட்டை இறங்கியிருக்கிறது, அசந்து போனால் இவ்வளவு ஒழுங்காக இறங்காது என்றார். பல் டாக்டர் குரலைத் தணித்து, வலிக்குமா என்று பயந்தவர்களிடம் பேசுகிற தொனியில், என்ன நடந்தது என்று சொன்னால் போதும் என்றார். சின்னவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்குச் சுருதியே தெரியாது, யாரிடமோ எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பதினெட்டுப் பேரும் நினைக்கட்டும், பரவாயில்லை என்று அவள் அந்த நிமிடம் முடிவு செய்துவிட்டாள். அழுகை வந்தது.

கடைசி வரிசையிலிருந்து அத்தான் எழுந்து வந்தார். குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு, ஒரு கட்டை என்றால் எவ்வளவு, காதுக்குக் காட்ட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் அங்கிருந்த பியானோவில் இரண்டு கட்டைகளைத் தட்டிக் காட்டினார். அத்தான் சின்னவளிடம் திரும்பி, நம்ம முதல் பாட்டு ஆரம்பிக்கிற இடத்தைத் தட்டு என்றார். அவள் தட்டினாள். வேறு என்ன செய்வது?

அவர் அந்தப் பாட்டின் முதல் வரியை மெதுவாகப் பாடினார். உச்சிக்குப் போனார், சுகமாக நின்றார், இறங்கினார். பிறகு டாக்டரிடம், அதே இடத்தை உங்கள் பியானோவில் கொடுங்கள் என்றார். டாக்டர் ஒரு கட்டை மேலே கொடுத்தார். அத்தான் பாடினார். உச்சியில் குரல் ‘க்ரீச்’ என்று உடைந்தது, முன்பின் தெரியாத பதினெட்டுப் பேர் நடுவில். யாரும் சிரிக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் தொண்டையைத் தடவிக்கொண்டு நின்றார். நாள் முழுக்க இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த கியர் என்று சொல்கிற மனுஷன், இது புரியாதா அவருக்கு.

“இவளுக்குச் சுருதி நல்லாத் தெரியும் சார்” என்றார் சர்வேயரைப் பார்த்து. “தெரிஞ்சதாலதான் இப்படி ஆச்சு. பதினோரு வருஷமா எனக்காக எறக்கி வெச்சிருக்கா. இன்னிக்கும் எனக்காகத்தான் வாயை மூடிட்டு நிக்கிறா.”

சின்னவள் நிமிர்ந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் கையிலிருந்த பிளாஸ்கைப் பார்த்தார்.

“நான் வெந்நீர்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

செல்லோ வாசிக்கிற பெண்தான் முதலில் சிரித்தது. வாயைப் பொத்திக்கொண்டது, முடியவில்லை. பிறகு பல் டாக்டர், பிறகு எல்லோரும். அத்தானும் சிரித்தார், முதலில் மரியாதைக்கு, அப்புறம் நிஜமாக. சின்னவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

வைத்தியம் சுலபம்தான். கம்பிகளை ஒரு கட்டை ஏற்ற வேண்டும், அவ்வளவே. பதினோரு ஆண்டு தளர்ந்திருந்த கம்பிகள் முறுக்கும்போது முனகின, அறுந்துவிடுமோ என்று அத்தான் காலால் பிரேக் போட்டார். அறுந்துவிடவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். அவள் இடம் வந்தது, மீட்டினாள். வயலின்களுக்குக் கீழே தரை வந்து சேர்ந்தது, பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்த நாற்காலிகளும் அதிர்ந்தன. புல்லாங்குழல்காரர் வாசித்துக்கொண்டே புருவத்தை உயர்த்தினார். முடிந்ததும் கைகள் எழுந்தன. பதினாறு. ஒருவர் குனிந்து ஏதோ தேடிக்கொண்டிருந்தார். சர்வேயர் தூக்கவில்லை. ஐந்தாம் பக்கம் தேவைக்கு மேல் நீளம் என்றார். அது உண்மைதான், சின்னவள் அன்றே எட்டு வரி வெட்டினாள்.

கச்சேரி மூன்று வாரம் கழித்து நடந்தது, நன்றாகவே நடந்தது. அச்சடித்த தாளில் ‘இசை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் முழுப் பெயரும் தனியாக நின்றது. அக்கா அதில் ஆறு தாள் எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள். இன்றைக்குச் சின்னவள் பெயரில் ஒன்பது படைப்புகள் இருக்கின்றன, இரண்டை அவள் முகம் தெரியாத ஊர்களில் வாசிக்கிறார்கள். கண்ணாடிக் கடைக்கு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறாள். இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது அந்த ஒத்திகை முடிந்து வீடு திரும்பிய வழியைப் பற்றி.

அத்தான் ஓட்டினார். சின்னவள் பக்கத்தில், வழக்கமாக அவர் உட்காரும் இடத்தில், காலடியில் இரண்டாவது பிரேக்கோடு உட்கார்ந்திருந்தாள். பாதி வழிவரை அவர் பேசவில்லை. அத்தான் பேசாமல் ஐந்து நிமிடம் இருந்ததை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரித்தாரே தவிர உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. தன் பெயர் தாளில் வரப்போகிற சந்தோஷம் இருந்த இடம் தெரியவில்லை. இந்த மனுஷன் இனிமேல் பாட மாட்டாரோ என்ற பயம்தான் மிஞ்சியது.

இன்னும் யார் யாருக்குத் தெரியும் என்று அவர் கேட்டார். நெட்டை, வாத்தியார், மருந்துக் கடைக்காரர் என்று சொன்னாள். உங்கள் அக்காவுக்குமா என்றார். தெரியும் என்றாள். எப்போதிலிருந்து என்றார். முதல் வாரத்திலிருந்து என்றாள்.

“மன்னிச்சிடுங்க அத்தான். உங்களை ஏமாத்தணும்னு செய்யலை.”

அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, பேசாதே என்று காட்டினார். சாலையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டார்.

“அஞ்சு பேரு. பதினோரு வருஷம். நான் உங்களை என்ன பாடு படுத்தியிருக்கேன். சுருதி சேரலைன்னு நெட்டையை அத்தனை பேர் முன்னாடி திட்டியிருக்கேன். அப்பக்கூட அவன் சொல்லலை.”

“சொல்லலை.”

“உங்க அக்கா எங்கூட எவ்வளவு சண்டை போட்டிருப்பா. கோவத்துலகூட ஒரு வார்த்தை வரலையே.”

“வராது அத்தான்.”

அவர் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

“அவ்வளவு புடிக்குமா என்னை?”

“ஆமா” என்றாள் சின்னவள். “எங்க எல்லாருக்கும்.”

அத்தான் இண்டிகேட்டரைப் போட்டு, ஓரமாக ஒதுங்கி, வண்டியை நிறுத்தினார். கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்று ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருந்தது. பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தார். பதினெட்டு ஆண்டாக அந்தப் பலகையைப் பற்றி ஊருக்கே பாடம் எடுப்பவர், நன்றாக ஐந்து நிமிடம் அங்கேயே நிறுத்தியிருந்தார்.